ஒரு தவளைக்கு ஓர் ஓடை



இன்றைய பொருள் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத நம் மண்ணின் தவளைகள். அவற்றோடு சேர்த்து நம் வயலிலும் ஊருணியிலும் மழை இரவெல்லாம் கத்துகிற தவளைகளும் இந்தப் பேச்சில் வரும்.

இந்தியாவில் 400-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்விகள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. அந்தப் பாதியிலும் பெரும்பாலானவை ஓரிட வாழ்விகள். அதாவது அந்த மலையை விட்டால் அவற்றுக்கு வேறு மலை இல்லை. சிலவற்றுக்கு ஒரு பள்ளத்தாக்கை விட்டால் வேறு பள்ளத்தாக்கு இல்லை. ஒரு காட்டை அழித்தால் புலி அடுத்த காட்டுக்கு நடந்து போகப் பார்க்கும். பறவை பறக்கும். இரண்டு விரல்கடை நீளமுள்ள ஒரு தவளை எங்கே போகும்?

ஆனைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2,695 மீட்டர் உயரம், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். அதன் உச்சிப் பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு புதர்த்தவளை வாழ்கிறது. 2010-ல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. அது அறியப்பட்டிருக்கும் பரப்பு மிகச் சிறியது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கோடாரிக்குத் தப்பியது. வெப்பத்துக்கு எப்படித் தப்பும்? தாழ்வான மலையில் இருக்கும் உயிர்கள் சூடு ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகரலாம். இந்தத் தவளை ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அதற்கு மேல் வானம்தான் இருக்கிறது.

இடத்தோடு தவளை எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, களக்காடு முண்டந்துறைக்குப் போக வேண்டும். தாமிரபரணிக்கு நீர் கொடுக்கிற காடு அது. அங்கே மலையாளிகள் ஈற்ற என்று சொல்லும் மெல்லிய மூங்கில், ஓடையோரங்களில் புதர்புதராக வளர்ந்திருக்கிறது. அந்த மூங்கிலின் கணுக்களுக்கிடையே சில இடங்களில் சிறு கீறல்போல ஒரு துளை இருக்கும். அகலம் சில மில்லிமீட்டர்தான். மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு பச்சைத் தவளை உடலை ஒடுக்கி அந்தத் துளை வழியாக உள்ளே நுழைகிறது. உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறது. பெண் தவளை வந்து, உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆண் அங்கேயே தங்குகிறது, முட்டைகளைக் காக்க.

யாரிடமிருந்து காக்கிறது? எறும்பிடமிருந்தா, பாம்பிடமிருந்தா? இந்தக் கேள்வியோடு பல மழைக்காலங்கள் அந்த மூங்கில் புதர்களில் இரவு இரவாக உட்கார்ந்திருந்தார் கே. எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளர். காவலுக்கு இருந்த ஆண் தவளையை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, முட்டைகள் பெருமளவு அழிந்தன. அழித்தவற்றில் முக்கியமானவை அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள். நல்ல துளையுள்ள மூங்கில் அவ்வளவு அரிது. அந்த வீட்டைப் பிடிக்க, முந்தைய குடும்பத்தின் முட்டைகளைத் தின்றுவிட்டுக் குடியேறுகின்றன. அதனால்தான் தந்தை வாசலைவிட்டு நகர்வதில்லை. இந்த முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகள் வருவதில்லை. குட்டித் தவளைகளே நேரடியாக வெளியே வருகின்றன. குளம் வேண்டாம், குட்டை வேண்டாம். ஒரே ஒரு மூங்கில் கணு போதும்.

அந்த ஒரு கணுவைத்தான் நாம் வெட்டுகிறோம். இந்த மூங்கில் காகிதக் கூழுக்குப் போகிறது, பாய்க்கும் கூடைக்கும் போகிறது. புலிகள் காப்பகத்துக்குள் வெட்டு இல்லை. காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, தவளை முட்டையிடும் மாதங்களில் ஒரு புதரை மொத்தமாக வெட்டினால், அந்த ஆண்டின் தலைமுறை முழுவதும் கட்டோடு லாரியில் ஏறிவிடுகிறது. வெட்டுகிற கைக்கு, உள்ளே தவளை இருப்பது தெரியாது. தெரியச் செய்திருக்க வேண்டியவர்கள் படித்தவர்கள்.

இந்த மூங்கில் தவளையை 1876-ல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தார். அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று பலர் நினைத்தார்கள். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜு, காணாமல்போன தவளைகளைத் தேடும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். நாடெங்கும் ஆய்வாளர்களும் மாணவர்களும் மழையில் இறங்கித் தேடினார்கள். மறு ஆண்டு வந்த செய்திகளில் இந்தத் தவளையும் இருந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் காணாத உயிர் மறுபடி கிடைத்தது. ஆனைமலையில் 1937-ல் விவரிக்கப்பட்டு, அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தொலைந்திருந்த ஒரு சிறுவாய்த் தவளையும் அந்தப் பட்டியலில் திரும்பி வந்தது.

1937-ல் அதை விவரித்தவரை நினைவுகூராமல் போகக் கூடாது. கோயம்புத்தூரில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி. ஆர். நாராயண ராவ். 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியர். வெள்ளைக்கார அதிகாரிகள் பொழுதுபோக்காகத் தவளைகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பிய காலத்தில், இந்த மண்ணிலிருந்தே தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்து பெயரிட்டவர். அவர் சேகரித்து வைத்திருந்த மாதிரிகள் பிற்காலத்தில் தொலைந்துபோயின. எந்தத் தவளையை அவர் எந்தப் பெயரால் குறித்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல், அடுத்து வந்தவர்கள் பல ஆண்டுகள் திண்டாடினார்கள். இன்று நம் மலைகளின் புதர்த்தவளைகள் அடங்கிய பேரினத்துக்கு ராவோர்கெஸ்டிஸ் என்று பெயர். அந்த ராவ் இவர்தான்.

இனி மலையிலிருந்து ஒரு முறை வயலுக்கு இறங்குவோம்.

நம் நெல்வயல்களில் வாழும் பெரிய தவளையை இங்கிருக்கும் மூத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதல் மழையில் ஆண் தவளை பளீரென்ற மஞ்சளாக மாறி, கழுத்தோரம் இரண்டு நீலப் பைகளை ஊதிக் கத்தும். இந்தத் தவளையின் கால்கள் ஒரு காலத்தில் இந்தியாவின் ஏற்றுமதிச் சரக்கு என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரியுமா? கொச்சி உள்ளிட்ட துறைமுகங்களிலிருந்து உறையவைத்த தவளைக்கால்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. இரவில் விளக்கோடு வயலில் இறங்கிப் பிடிப்பார்கள். உயிரோடு கால்களை வெட்டி எடுத்த பிறகு, மீதி உடலை எறிந்துவிடுவார்கள். 1981-ல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. கால்கள் மட்டுமே 4,000 டன் என்றால், எத்தனை கோடித் தவளைகள்?

அத்தனை தவளைகள் வயலிலிருந்து போனபின், பூச்சியைத் தின்ன யார் இருந்தார்கள்? தவளைக்கால் விற்று வந்த அந்நியச் செலாவணியைவிடப் பூச்சி மருந்துக்கு ஆகும் செலவு பெரிது என்று அப்போதே உயிரியலாளர்கள் வாதாடினார்கள். 1985-ல் இந்தத் தவளை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1987-ல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. அது நாம் சரியாகச் செய்த காரியம். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுப்பதை நிறுத்தச் சொன்னதும் சரியான காரியம். தலைமுறை தலைமுறையாக மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடந்த தவளைகள் அதோடு விடுதலை பெற்றன.

வயலில் இன்னொரு கத்தி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீரும் குடிக்கிறது. ஆகவே நீரில் எது கரைந்தாலும் அது தவளையின் உடம்புக்குள் போய்விடும். சோளத்துக்கும் கரும்புக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளிக்கிறோம். அமெரிக்க விஞ்ஞானி டைரோன் ஹேய்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆப்பிரிக்கத் தவளைகளை மிகச் சிறிய அளவு அட்ரசின் கலந்த நீரில் வளர்த்தார். 2010-ல் அவர் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: ஆணாகப் பிறந்தவற்றில் பத்தில் ஒன்று பெண்ணாகவே மாறி, முட்டையும் இட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தை விலக்கிவிட்டது. இங்கே அது இன்னும் உரக்கடையில் கிடைக்கிறது.

களைக்கொல்லியைப் போலவே நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் இன்னொரு காரியம், குளம் குட்டைகளில் மீன் விடுவது. கொசுப் புழுவைத் தின்னும் என்று கம்பூசியா என்ற சிறு மீனைப் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராக விட்டு வருகிறோம். அது அமெரிக்காவின் மீன். அது கொசுப் புழுவோடு நிற்பதில்லை. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்னும். மீன் இல்லாத மழைக்குட்டைதான் பல தவளைகளுக்குத் தாய்வீடு. வெயில் வந்தால் வற்றிப்போகும் அந்தக் குட்டையில் மீன் வாழ முடியாது என்பதால்தான் தவளை அதைத் தேர்ந்தெடுத்தது.

வேற்று மண்ணிலிருந்து வருவது மட்டும்தான் ஆபத்தா? நம் வயல் தவளையே அந்தமானில் வேற்று உயிராகிவிட்டது. மீன்குஞ்சுகளோடு கலந்து அது அங்கே போய்ச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. தீவுகளின் வயல்களில் இப்போது பெருகிக் கிடக்கிறது. நித்ய பிரகாஷ் மொஹந்தி என்ற ஆய்வாளர், அதன் தலைப்பிரட்டைகளையும் தீவின் சொந்தத் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார். தீவின் தலைப்பிரட்டைகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இங்கே நாம் காப்பாற்றப் போராடும் உயிர், கடல் கடந்த இடத்தில் இன்னொரு மண்ணின் தவளைகளை அழிக்கிறது. எந்த உயிர் எந்த மண்ணுக்கு உரியது என்று பார்க்காமல் இடம் மாற்றியதால் வந்த வினை இது.

மறுபடி மலைக்குப் போவோம். மலையோடைகளில் வாழும் ஆட்டத் தவளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் ஆண் தவளை பாறைமேல் ஏறிப் பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து வீசி, பெண்ணுக்கும் போட்டியாளனுக்கும் சைகை காட்டும். 2014-ல் பிஜுவும் அவருடைய மாணவர்களும் ஒரே கட்டுரையில் 14 புதிய ஆட்டத் தவளைகளை அறிவித்தார்கள். மொத்தம் 24 இனங்கள். 24-உம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே.

இவற்றின் தலைப்பிரட்டைகள் எங்கே என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 2016-ல் விடை கிடைத்தது: ஓடையின் மணலுக்குள். தாய் ஓடைப்படுகையைக் காலால் தோண்டி முட்டையிட்டு மூடுகிறது. குஞ்சுகள் மணலுக்குள்ளேயே புதைந்து வளர்கின்றன. பல்லும் கிடையாது. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சத்தை எடுத்துக்கொள்கின்றன. இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு மலையோடையில் மணல் அள்ளினால் என்ன ஆகும்? ஒரு தடுப்பணை கட்டி நீரோட்டத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? அருவிக்குப் போகிறவர்கள் ஷாம்பு போட்டுக் குளித்தால் அந்த நுரை எங்கே இறங்கும்? உலக நீர்நில வாழ்விகளின் நிலையை மதிப்பிட்ட பெரும் ஆய்வு 2023-ல் வெளியானது. உலகில் நூற்றுக்கு 41 இனங்கள் அழிவின் விளிம்பை நெருங்கியிருக்கின்றன என்றது அது. நம் ஆட்டத் தவளைகளிலோ அந்தக் கணக்கு நூற்றுக்கு 92.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் பெருமைப்பட ஒன்று உண்டு. 2003-ல் இடுக்கியிலிருந்து ஓர் ஊதாநிறத் தவளை உலகத்துக்கு அறிமுகமானது. பன்றியைப் போன்ற மூக்கு, உப்பிய உடல். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும் சில நாட்களில் மட்டும் மேலே வரும். அதன் நெருங்கிய உறவினர்கள் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இரண்டு நிலமும் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது. டைனோசர்களோடு வாழ்ந்த குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு, 2017-ல் தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டாவது உறுப்பினர் கிடைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில். இடுக்கித் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை. நம் தவளைக்கு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி மழையை நம்பி வாழ்கிற தவளை அது. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிர்நீத்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஒரே மழைதான் அதன் நாட்காட்டி. அந்த மழை தவறினால், அல்லது ஒரே நாளில் கொட்டி ஓடையை அடித்துக்கொண்டு போனால், அந்த ஆண்டு அதற்குக் குஞ்சு இல்லை.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் கேட்கலாம்: தவளை உண்மையிலேயே அழிந்துபோகுமா? இத்தனை காலம் இருந்தது இனியும் இருக்காதா?

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையின் மலையகத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காக வெட்டினார்கள். காப்பியை நோய் தின்றபின் அதே நிலத்தில் தேயிலை நட்டார்கள். காட்டை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் போன கைகள் திருச்சியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன நம் மக்களின் கைகள். பசிக்குப் போனவர்கள் மேல் பழி இல்லை. அந்தக் காட்டில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அருங்காட்சியகங்களில் சாராயப் புட்டிகளில் கிடந்த பழைய தவளைகளை ஆய்வாளர்கள் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல இனங்களை உயிரோடு எங்கும் காணவில்லை. இலங்கைக்கே உரிய புதர்த்தவளைகளில் பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் இன்று அழிந்தவை என்று உலகப் பட்டியலில் பதிவாகியிருக்கின்றன. 1853-ல் விவரிக்கப்பட்ட ஒரு தவளை சிவனொளிபாத மலைக்காட்டில் 2009-ல் மறுபடி கண்ணில் பட்டது. அழிந்தவற்றுக்கு மிச்சம் அந்தப் புட்டிகள்தான்.

நம் பக்கத்து மலைகளிலும் அதே காப்பி வந்தது, அதே தேயிலை வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை மூடிக்கொண்டு சீகையும் கற்பூர மரமும் எழுந்தன. இங்கே சோலைகள் துண்டு துண்டாக மிஞ்சியதால் தவளைகளும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே நிற்கும் அப்படிப்பட்ட காட்டுத் துண்டுகளில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தோட்ட நிர்வாகங்களோடு பேசி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணின் மரங்களையே நட்டு வளர்த்து வருகிறது. மெதுவான வேலை. ஆனால் நிழலும் ஈரமும் திரும்பினால்தான் தவளை திரும்பும்.

நோயையும் சொல்ல வேண்டும். தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை, உலகெங்கும் 501 நீர்நில வாழ்வி இனங்களைக் குறைத்திருக்கிறது, அவற்றில் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அந்தப் பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் நடந்ததுபோலக் கூட்டங்கூட்டமாகச் சாவு இங்கே நேரவில்லை. அது நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தில் இங்கே கூடியிருப்பவர்கள் செய்யக்கூடியவை உண்டு. மழை இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள். அப்போதுதான் தவளைகள் சாலையைக் கடக்கின்றன. படம் எடுப்பதற்காகக் காட்டில் கிடக்கும் கட்டையைப் புரட்டாதீர்கள். அதற்கடியில்தான் சில அரிய இனங்கள் வாழ்கின்றன. அருவியில் சோப்பு வேண்டாம். கைநிறையத் தலைப்பிரட்டை அள்ளி வேறு குளத்தில் விட வேண்டாம். ஆசிரியர்கள் ஒரு மழை மாலையில் மாணவர்களை ஊர்க்குளத்துக்கு அழைத்துப்போய் எத்தனை வகைக் குரல் கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் எண்ணச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் மழைக்குட்டையை மண்ணடித்து மூடப் போகிறார்கள் என்றால், கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓடையின் இரு கரையிலும் பத்தடிக்காவது மருந்து அடிக்காமல் விடுங்கள். ஐப்பசி மழை தொடங்க அதிக நாள் இல்லை. இந்த மழைக்காலத்திலிருந்தே தொடங்குங்கள்.